லீத் தெரு 14: ஒரு மாளிகையும் அதன் குடிகளும்

பாயான் பாரு பழைய ஊரன்று. 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் சுதந்திர வணிக மண்டலம் தொடங்கப்பெற்று மின்னணுத் தொழிற்சாலைகள் வரலாயின. அத்தொழிலாளர்க்கும், நகர நெரிசலிலிருந்து வெளியேறுவோர்க்கும் வீடு தரும்பொருட்டுப் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் எழுப்பிய புறநகர் இது. பெயரிலேயே அதன் வயது பொறிக்கப்பட்டுள்ளது: மலாயில் பாயான் என்பது கிளி, பாரு என்பது புதிது. வடமொழிச் சுகசப்ததியின் கிளிக்கதைகள் பாரசீகம் வழியாக மலாய்க்கு வந்து 'பாயான் புடிமான்' கதைகளாக வழங்கியதை மொழியியல் பயின்றோர் நினைவுகூர்வர். அக்கதைகளுக்கும் இன்றைய பொருளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் பெயரைச் சொன்ன பின்னர் அதனைச் சொல்லாமலிருக்க நம்மால் இயலவில்லை.

இங்கே வாழ்வோருள் பலர் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் மாடியறைகளிலிருந்தோ, தீபகற்பத்துத் தோட்டங்களிலிருந்தோ குடிவந்தவர்கள். அல்லது அவ்வாறு வந்தவர்களின் மக்கள். இத்தகைய அவையில், லீத் தெருவில் ஒரு சீனச் செல்வர் எழுப்பிய நீல மாளிகையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்கத் தோன்றும். அம்மாளிகைக்கு இன்று வயது 120 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அவற்றுள் அதைக் கட்டியவர் அதில் வாழ்ந்தது ஏறத்தாழ 12 ஆண்டு. செப்பனிடப்பெற்று இன்றைய நிலையில் விளங்குவது ஏறத்தாழ 30 ஆண்டு. இடைப்பட்ட 74 ஆண்டுகள் அவருடைய வழித்தோன்றல்களுக்கும், அவர்களிடம் அறை வாங்கிக் குடியிருந்தவர்களுக்கும் உரியன. அந்த 74 ஆண்டுகளை வழிகாட்டி நூல்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. அந்த வாக்கியத்தைச் சற்று நீட்டிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தொடங்குமுன் இரண்டு சொற்கள். மாளிகை என்னும் நம் சொல் கடல் கடந்து மலாயில் 'மஹ்லிகை' ஆயிற்று. கடை 'கெடை' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும், முதல் 'மோடல்' ஆனதும் போன்ற வரவு அது. ஆனால் கடையும் பெட்டியும் மலாயில் இன்றும் அன்றாடச் சொற்களாக உழைக்க, மஹ்லிகையோ அரசர் கதைகளிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது சொல் குடி. வீட்டுக்கும் குடி என்று பெயர். அவ்வீட்டில் வாழும் குடும்பத்துக்கும், அக்குடும்பம் தோன்றிய மரபுக்கும், அரசனின் ஆட்சிக்குட்பட்ட மக்களுக்கும் குடி என்றே பெயர். கட்டடத்தையும் அதில் வாழ்பவரையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. மாளிகை என்ற சொல்லுக்கு இந்த விரிவில்லை. மாளிகை என்றால் சுவரும் கூரையும் உடையவரும்தான் நினைவுக்கு வருவர்.

இனி மாளிகையை உடையவர். அவரை நாம் சியோங் ஃபாட் சே என்கிறோம். இது கந்தோனியர் ஒலிப்பு. ஹொக்கியன் ஒலிப்பில் அவர் தியோ தியாவ் சியாட். வடசீனப் பொதுமொழியில் சாங் பீசி. அவரோ இம்மூன்று மொழியினரும் அல்லர். குவாங்டோங் மாநிலத்துத் தாபு வட்டாரத்தில் 1840ஆம் ஆண்டு வறிய ஹாக்கா குடும்பத்தில் பிறந்தவர். பிறருடைய வாயில் தம் பெயர் எவ்வாறு ஒலித்தாலும் அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பல ஆட்சிகளோடும் பல மொழியினரோடும் வாணிகம் செய்தவர்க்கு அது இயல்பேயாகும். இளமையிலேயே பத்தாவியாவுக்கு, அஃதாவது இன்றைய ஜக்கார்த்தாவுக்கு வந்தார். சுமத்திராவில் டச்சுப் படைக்கு உணவுப்பொருள் வழங்கும் ஒப்பந்தம், அபின், மது ஆகியவற்றின் வரிக் குத்தகை, டெலிப் பகுதித் தோட்டங்கள், கப்பல்கள் எனச் செல்வம் பெருகிற்று. அந்த டெலித் தோட்டப் பகுதிக்குத் தமிழ்த் தொழிலாளரும் சென்றனர். மேடான் நகரில் இன்றும் வாழும் தமிழர் பலர் அவர்களுடைய வழிவந்தோர். 1890களில் சீனப் பேரரசு அவரைப் பினாங்கில் துணைத்தூதராக அமர்த்தியது. 1892இல் வடசீனத்து யந்தாயில் அவர் தொடங்கிய சாங்யூ திராட்சைமது நிறுவனம் இன்றும் இயங்குகின்றது. 1904இல் பினாங்கில் சுங் ஹுவா பள்ளி தோன்றியதில் அவர்க்குப் பெரும்பங்குண்டு. வீட்டில் ஹொக்கியனும் ஹாக்காவும் கந்தோனியமும் பேசிய பிள்ளைகளுக்குச் சீனப் பொதுமொழியைப் பயிற்றுமொழியாகத் தந்த தொடக்ககாலப் பள்ளிகளுள் அது ஒன்று. மொழி மன்றத்து மேடையில் இதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

லீத் தெரு என்னும் பெயர், 1800 முதல் 1803 வரை இத்தீவின் துணை ஆளுநராக இருந்த ஜார்ஜ் லீத் என்பவரால் வந்தது. சீனர்க்கோ அது தாமரையாறு. அத்தெருவின் 14ஆம் எண் மனையில் 1896ஆம் ஆண்டளவில் தொடங்கி 1904 வரை வேலை நடந்தது. முற்றங்கள் 5, அறைகள் 38, படிக்கட்டுகள் 7, சன்னல்கள் 220. சீனத்து நில அமைதி நூலாராகிய ஃபெங் சுயி வல்லாரின் கருத்துக்கு இணங்க, வீடு தெருவுக்கு நேராக நில்லாமல் சற்றே கோணலாகத் திரும்பி நிற்கிறது. கூரை விளிம்பிலும் முற்றத்துச் சுவர்களிலும் பூவும் பறவையும் புராண மாந்தரும் நிறைந்துள்ளனர். அவை சுதையால் மட்டும் ஆனவை அல்ல. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, அச்சில்லுகளை ஒவ்வோர் இதழாக, ஒவ்வோர் இறகாக ஒட்டிச் செய்தவை. முற்றத்தைச் சூழ நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தன. தரையோடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரச் சூளைகளில் வெந்தவை. உள்ளமைப்பு தென்சீனத்தது. மழை முற்றத்தில் விழும். கருங்கல் பாவிய தரையில் சற்றே தேங்கிப் பின்னர் மெல்ல வடியும். நீர் செல்வத்தின் குறி. அது விரைந்து ஓடலாகாது என்பது அவர்களுடைய கணக்கு. செட்டிநாட்டு வளவில் நின்று மழை பார்த்தவர்க்கு இம்முற்றம் அந்நியமாகத் தோன்றாது.

அம்மாளிகையின் நீலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசிய நீலம் அது; அச்சாயம் இந்தியாவிலிருந்து வந்தது. அவுரி நம் நாட்டார் நன்கறிந்த செடி. பூக்கும் பருவத்தில் அறுத்த தழையைக் கட்டுகளாகத் தொட்டிநீரில் ஊறவைப்பர். ஊறிய நீரை வேறொரு தொட்டியில் இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று மணிக்கணக்கில் அடிப்பர். காற்றுப் படப்பட மஞ்சட்பச்சை நீர் நீலமாகி, நீலம் அடியில் தங்கும். அதைக் காய்ச்சி, வடித்து, அழுத்தி, கட்டிகளாக அறுத்து உலர்த்துவர். 1859, 1860ஆம் ஆண்டுகளில் வங்காளத்து உழவர் அவுரித் துரைமாருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பின்னர் அங்கே பயிர் சுருங்கிற்று. சென்னை மாகாணத்தில், குறிப்பாகத் தென்னார்க்காட்டில், அவுரி விளைச்சல் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் முதன்மை பெற்றிருந்தது. 1897இல் செருமானிய நிறுவனமாகிய பாஸ்ஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; சில ஆண்டுகளுக்குள் அவுரித் தொட்டிகள் வறண்டன. அந்த ஆண்டு லீத் தெருவில் சுவர்கள் எழுந்துகொண்டிருந்தன. ஓர் உழவுத்தொழில் அணையுந் தறுவாயில், அதன் நிறம் இந்தச் சுவர்களில் ஏறிற்று.

ஒரு துளி நீலத்தால் ஒரு பானைப் பால் கெடும் என்பது மலாய்ப் பழமொழி. அங்கும் நீலத்துக்கு 'நீலா' என்றே பெயர். சுண்ணாம்போடு சேர்ந்த நீலமோ கெடுக்கவில்லை, காத்தது. செங்கற்சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். இக்காலத்து நெகிழிச் சாயங்கள் அதை உள்ளேயே அடைத்துச் சுவரை உளுக்கச் செய்கின்றன. ஆனால் சுண்ணாம்பு மழையில் கரையும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும். பூசுவதற்குக் கையும் காசும் இருக்கும்வரைதான் அந்நீலம் நீலமாக இருக்கும்.

இங்கே ஓர் இடைப்பிறவரல். அர்மேனியத் தெருவில் இன்னொரு மாளிகை உண்டு. ஹத்ரமி வழிவந்த ஆச்சே நாட்டு வணிகர் சையது அலத்தாஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வீடு அது. 1873இல் டச்சுக்காரர் ஆச்சேயின்மீது போர் தொடுத்தபோது, ஆச்சே மக்களின் எதிர்ப்புக்குப் பினாங்கிலிருந்து கை கொடுத்தவர் அவர். டச்சுப் படைக்கு உணவு வழங்கியவரின் வீடும், அப்படையை எதிர்த்தோருக்குத் துணைநின்றவரின் வீடும் இதே நகரத்தில், நடந்து செல்லும் தொலைவில் நிற்கின்றன. அலத்தாஸ் மாளிகை பிற்காலத்தில் பழம்பொருள் சேர்ப்போரின் கிடங்காக இருந்தது. 1990களில் நகராண்மைக் கழகத்தால் செப்பனிடப்பெற்று இசுலாமிய அருங்காட்சியகமாயிற்று. பழைய புட்டிகளும் இரும்பும் குவிந்துகிடந்த ஆண்டுகளைப் பற்றி அங்கும் நீண்ட பேச்சில்லை. இது லீத் தெருவுக்கு மட்டும் உரிய மறதியன்று.

சியோங் ஃபாட் சே 1916இல் பத்தாவியாவில் இறந்தார். தம் மக்களுள் கடைசி மகன் இறக்கும்வரை பினாங்கு மாளிகையை விற்கலாகாது என்று உயிலில் எழுதியிருந்தார். முதுமையில், எழுபதைக் கடந்தபின், அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்திருந்தது. இதனால் உயிலின் தடை எவரும் எண்ணாத அளவுக்கு நீண்டது: அம்மகன் இறந்தது 1989இல். தந்தையின் பெருவாணிகம் அதற்கு நெடுங்காலம் முன்பே கரைந்துபோயிற்று. வீட்டை விற்கவும் முடியாது, பேணவும் பொருளில்லை. எனவே அறைகள் ஒவ்வொன்றாக வாடகைக்கு விடப்பட்டன.

இதில் தனியொரு குடும்பத்தின் வீழ்ச்சியை மட்டும் காண்பது போதாது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைக் குண்டுவீசித் தாக்கின. போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் அறைகளாகவும், அறைகள் கட்டில்களாகவும் பிரிந்தன. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் பத்துக் குடும்பங்கள் வாழ்வது புதுமையன்று. மாளிகையும் அவ்விதியிலிருந்து தப்பவில்லை. பொன் பூசிய மரத்தடுப்புகளுக்கு இப்பால் அடுப்புகள் எரிந்தன. முற்றத்தில் துணிகள் உலர்ந்தன. பின்னாளில் மோட்டார் சைக்கிள்கள் உள்ளே வந்து நின்றன. நாம் மாணவராயிருந்த 1970களில், ஃபார்க்குவார் தெருவிலிருந்து லீத் தெருவுக்குள் மிதிவண்டியைத் திருப்பும்போது, நிறம் வெளிறிய பெரிய மதிலும் அதற்குப் பின்னே கொடியில் ஆடும் சட்டைகளும் கண்ணில் படும். அது யாருடைய வீடு என்று நாம் கேட்டதில்லை. அங்கே வாழ்வோருடைய வீடு என்றே எண்ணிக் கடந்து சென்றோம். அறியாமைதான், ஆயினும் முற்றிலும் பிழையான எண்ணமன்று என இப்போது தோன்றுகிறது.

இத்தகைய வாழ்க்கைக்கு ஒண்டுக்குடித்தனம் என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. ஒண்டுதல் என்றால் அடங்கி ஒதுங்குதல், மழைக்குச் சுவரோரம் சாய்ந்து நிற்றல். குடித்தனம் என்பதோ முழுமையான இல்வாழ்க்கை. இவ்விரண்டும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்: ஒதுங்கி நிற்பவர்தாம், ஆனால் நடத்துவது குடித்தனம். அவர்கள் கொடுத்த வாடகைக்கும் பழந்தமிழ்ப் பெயர் குடிக்கூலி. தமிழகத்தில் வழக்கு ஏறத்தாழ ஒழிந்து, வாடகை என்ற சொல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குடிக்கூலி என்னும்போது, கொடுப்பவர் குடியாகவே நிற்கிறார். மாறாக, மாளிகையைப் பற்றிய இன்றைய விளம்பர எழுத்துகளில் அவர்கள் சிலவேளை அத்துமீறிக் குடியேறியோர் ஆகிவிடுகின்றனர். மாதந்தோறும் கூலி கொடுத்து வாழ்ந்தவரை அத்துமீறியவர் என்பது சொற்பிழை மட்டுமன்று, பொருட்பிழையும் ஆகும். அவர்களுடைய தவறெல்லாம், செல்வர் ஒருவர் கட்டிய வீட்டில் தாம் செல்வராக இல்லாமல் வாழ்ந்தது.

வீடு ஏன் இடிபடாமல் நின்றது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் கிடக்கின்றது. முதல் விடை உயில். அதை எல்லாரும் சொல்கிறார்கள். நார்த்தாம் சாலையில், அஃதாவது இன்றைய ஜாலான் சுல்தான் அகமது ஷாவில், கடலை நோக்கி நின்ற மாளிகைகள் பல அடுத்தடுத்து இடிந்து அடுக்குமாடிகளுக்கு இடம்விட்ட காலத்தில், லீத் தெரு 14ஐ விற்க ஒருவர்க்கும் உரிமையில்லை. இரண்டாவது விடை, அதில் ஆள் இருந்தமை. நம் வெப்பத்திலும் மழையிலும் ஆளில்லாத வீடு மிக விரைவில் காடாகும். ஓடு நழுவினால் ஒருவர் அதைத் தள்ளிவைக்க வேண்டும். வடிகால் அடைத்தால் ஒருவர் குச்சியால் குத்த வேண்டும். சுவரில் ஆலங்கன்று முளைத்தால் ஒருவர் பிடுங்க வேண்டும். குடியிருந்தவர்கள் பொன்தடுப்பைக் கெடுத்திருக்கலாம். ஒழுகும் கூரையின் கீழே உறங்குபவர் ஒழுக்கை அடைக்காமல் இருக்கமாட்டார். செப்பனிட்டோர்க்கு நாம் நன்றி கூறுகிறோம்; செப்பனிடுவதற்கு ஒரு வீடு எஞ்சியிருந்தமைக்கும் காரணமானோர் உளர்.

நகரம் முழுமைக்கும் இதே கதையை ஒரு சட்டம் எழுதிற்று. போருக்குப் பிந்தைய வாடகைக் கட்டுப்பாடு, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடர்ந்தது. 1948 சனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்த முடியாது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. உடைமையாளர்க்கு வருவாய் இல்லை. ஆகவே பழுதுபார்த்தலும் இல்லை. அவர்களுடைய குறையில் நியாயம் உண்டு. ஆனால் இடித்துக் கட்டுவதற்கும் வழியில்லாமற்போனதால்தான், தென்கிழக்காசியத்தில் போருக்கு முந்தைய கடைவீடுகள் இவ்வளவு அடர்த்தியாக நிற்கும் நகரங்களுள் ஒன்றாக ஜார்ஜ் டவுன் எஞ்சியது. சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 1999 டிசம்பர் 31ஆம் நாளோடு கட்டுப்பாடு முற்றாக ஒழிந்தது. 2000ஆம் ஆண்டில் வாடகைகள் பலமடங்கு ஏறின. தகரக் கொல்லரும், ஊதுவத்தி உருட்டியவரும், தையற்காரரும், மாடியறைகளில் இருந்த முதியோரும் நகரின் நடுவிலிருந்து வெளியேறினர். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 சூலை 7ஆம் நாள், மலாக்காவோடு ஜார்ஜ் டவுனும் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறிற்று. பட்டியல் போற்றிய கூறுகளுள் பல இன மக்களின் வாழும் பண்பாடும் ஒன்று. வாழ்ந்தவர்களுள் பெரும்பகுதியினர் அப்போது இங்கே, பாயான் பாருவிலும், பாயா தெருபோங்கிலும், நீரிணைக்கு அப்பாலும் இருந்தனர்.

மாளிகை விற்கப்பட்டது 1990இல். கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் மனைவியார் லின் லீ லோ லிம்மும் நண்பர் சிலரும் சேர்ந்து வாங்கினர். இடித்து உயரக் கட்டுவதே ஆதாயம் என்று கருதப்பட்ட காலத்தில், சொந்தப் பணத்தை அதில் இட்டவர்களுடைய துணிவைக் குறைத்துச் சொல்லலாகாது. வேலையின் நேர்த்தியையும் நாம் நேரில் கண்டிருக்கிறோம். சுண்ணாம்பை மீண்டும் சுண்ணாம்பாலேயே பூசினர். பீங்கான் சில்லு ஒட்டும் கைத்தொழில் இங்கே அற்றுப்போனதால் சீனாவிலிருந்து கைவினைஞர் வரவழைக்கப்பட்டனர். வேலை நடந்துகொண்டிருந்தபோதே 'இந்தோசீன்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படம் அங்கே படமாயிற்று. அது 1992இல் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டு, யுனெஸ்கோ ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளை முதன்முறையாக வழங்கியபோது, தலையாய விருது இம்மாளிகைக்குக் கிடைத்தது. இன்று அது தங்கும் விடுதி. 'இண்டிகோ' என்னும் உணவகமும் உண்டு. நாள்தோறும் வழிகாட்டிகள் சுற்றிக் காட்டுகின்றனர். 2018இல் வெளிவந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தின் மாஜோங் ஆட்டக் காட்சியும் இம்மாளிகையில் எடுக்கப்பட்டதே. செல்வரின் இல்லம், தூதர் இருக்கை, ஒண்டுக்குடித்தனம், படப்பிடிப்புக் களம், விடுதி எனப் பயன்கள் மாறின. விடுதியைக் குறைகூறுவதற்கு நமக்கு மனமில்லை. விருந்தினர் தரும் பணம்தான் இப்போது சுவருக்கு நீலம் பூசுகிறது. ஒருகாலத்தில் குடிக்கூலி செய்ய முடியாததை அது செய்கிறது.

ஆனால் இவ்வவையினர்க்கு இன்னொரு கேள்வி எழும்: பினாங்கில் பொருளீட்டிய தமிழ்ச் செல்வரின் மாளிகை எங்கே? அது இங்கே இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கிலும் பர்மாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் வீடு கட்டினர். பர்மாத் தேக்கும், ஐரோப்பியக் கண்ணாடியும், ஆத்தங்குடிக் கல்லும் அங்கே சேர்ந்தன. சியோங் ஃபாட் சே ஈட்டிய இடத்தில் மாளிகை கட்டினார். நகரத்தார் புறப்பட்ட இடத்தில் கட்டினர். ஆயினும் அவ்வீடுகளின் பின்கதை ஒன்றே. போரினாலும் பர்மா இழப்பினாலும் வருவாய் நின்றது, பங்காளிகள் பெருகினர், எல்லாரும் ஒப்பாமல் விற்க முடியாத வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன, சில விடுதிகளாயின. லீத் தெருவில் குடிகள் இருந்தனர். செட்டிநாட்டில் பூட்டு இருந்தது. எது வீட்டுக்கு நல்லது என்பதைக் கூரைகளைப் பார்த்தவர் சொல்வர்.

பினாங்கில் நகரத்தார் விட்டுச்சென்றது கிட்டங்கி. பினாங்குத் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. கிடங்கு என்னும் சரக்கறைப் பெயரோடு உறவுடைய இச்சொல், அங்கே சரக்கறையைக் குறிக்கவில்லை. நீண்ட கூடம், அதில் ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு சிறு இடம், அவ்விடத்தில் ஒரு பெட்டி, ஒரு பாய், கணக்கேடுகள். அதுவே கடை, அதுவே அலுவலகம், இரவில் அதுவே படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையற்காரர் எனப் பணிநிரல் உண்டு. மேலாள் மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்புவார். வேறொருவர் அதே பாயில் வந்து அமர்வார். மனைவி மக்கள் ஊரில். குடித்தனம் இல்லாத குடியிருப்பு என்று இதனைச் சொல்லலாம். லீத் தெருவில் கண்ட ஒண்டுக்குடித்தனத்துக்கு இது நேர்மாறு: அங்கே இடம் இல்லை, குடும்பம் இருந்தது, இங்கே இடமும் பொருளும் இருந்தன, குடும்பம் இல்லை.

கிட்டங்கிகள் பல கைமாறிவிட்டன. அவற்றின் சொற்கள் அவற்றைவிட விரைவாக மறைகின்றன. விலாசம் என்றால் இன்றைய இளைஞர்க்கு முகவரி மட்டுமே. ஒரு வணிக நிறுவனத்தின் முதலெழுத்துகளால் ஆன பெயர் என்ற பொருள் அவர்க்கு இல்லை. பினாங்குத் தெருவில் கோவில் வீடு என்று வழங்கும் இல்லம் மட்டும் தன் பயனை மாற்றிக்கொள்ளவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் வெள்ளித்தேர் முருகனோடு அங்கிருந்துதான் புறப்படுகின்றது. நகரத் தெருக்களைக் கடந்து, 1850களில் எழுந்த தண்ணீர்மலைச் சாலை நகரத்தார் கோவிலைச் சேர்கின்றது. தேர் பார்க்க நிற்பவர்களுள் எத்தனைபேர் அது புறப்படும் வீட்டைத் திரும்பிப் பார்க்கின்றனர் என்பது ஐயமே.

இனி அவையோரிடம் ஒரு வேண்டுகோள். லீத் தெரு, பினாங்குத் தெரு, மார்க்கெட் தெரு, சூலியா தெரு ஆகியவற்றில் அறை வாங்கி வாழ்ந்தவர்களோ, வாழ்ந்தவர்களின் மக்களோ இவ்வரங்கில் இருப்பீர்கள். பிறப்புச் சான்றிதழில் அத்தெருக்களின் முகவரி இருக்கும். பழைய வாடகைச் சீட்டு ஏதேனும் தகரப் பெட்டியில் கிடக்கும். எந்த மாடி, எந்த மூலையில் அடுப்பு, தண்ணீர் எங்கிருந்து வந்தது, அடுத்த தடுப்பில் இருந்தவர் எந்த மொழி பேசினார், அறைக்கும் நடைக்கும் மொட்டைமாடிக்கும் வீட்டில் என்ன பெயர் வழங்கினீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தாருங்கள்; எழுத இயலாதவர் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்வோம். சொற்களைத் திருத்தி எழுதவேண்டா. ஹொக்கியன் சொல்லோ மலாய்ச் சொல்லோ கலந்திருந்தால் கலந்தபடியே இருக்கட்டும். உரை முடிந்த பின்னர் நாம் வாயிலருகே உள்ள மேசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்போம்.